மனித வெறுப்பும் அலங்கார நடையும்: லவ்கிராஃப்டின் பயங்கரக் கதைகள் பற்றி

சென்ற நோன்பு மாதத்தில் ஓர் இரவு தராவீஹ் முடிந்து வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் முன்னர் ஆங்கிலம் படித்த பொடியன் ஒருவன் வந்து, பதினான்கு பக்கத்தில் ஒரு கதையைத் தந்தான். "திகில் கதை சேர். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றான். களப்புக்கு அக்கரையில் ஒரு கிராமம். அங்குள்ளவர்களுக்கு மீனின் கண், வழுவழுத்த தோல், விளங்காத பாஷை. இரவில் கூடி ஏதோ சடங்கு செய்கிறார்கள். வசனங்கள் எல்லாம் நீளம். ஒரு வசனத்தில் மட்டும் பதினொரு அடைமொழிகளை எண்ணினேன்.

"இந்த ஆக்கள் யாரு மகன்?" என்று கேட்டேன்.

"யாருமில்ல சேர். சும்மா. லவ்கிராஃப்ட் மாதிரி எழுதிப் பாத்தன்."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த "யாருமில்ல" என்னைத் தூங்க விடவில்லை. அவன் சொன்ன அந்த எழுத்தாளரை நானும் இருபத்திரண்டு வயதில் பித்துப் பிடித்தவன்போல் வாசித்தேன். மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த நிலையில் கிடைத்த தொகுதி அது. வாசித்து முடித்த பிறகு சில மாதங்கள் மனிதர்களோடு பேசவே பிடிக்கவில்லை. கடைத்தெருவில் சனத்தைப் பார்த்தால் எறும்பைப் பார்ப்பது போலிருந்தது. அப்படிப் பார்ப்பதில் ஒரு பெருமையும் இருந்தது. ஆகவே இதை அந்தப் பொடியனுக்காக மட்டும் எழுதவில்லை.

ஹொவார்ட் பிலிப்ஸ் லவ்கிராஃப்ட் 1890இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள புரொவிடன்ஸ் நகரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே தகப்பனார் மனநோயாளியாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 1898இல் அங்கேயே இறந்தார். 1904இல் பாட்டனார் இறக்க, வளர்ந்த பெரிய வீடு கைவிட்டுப் போனது. 1919இல் தாயாரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போய் 1921இல் அங்கேயே காலமானார். உயர்தரப் பாடசாலைப் படிப்பை லவ்கிராஃப்ட் முடிக்கவில்லை. 1923இல் தொடங்கிய 'வியேர்ட் டேல்ஸ்' என்ற மலிவுத்தாள் சஞ்சிகையில் அவரது கதைகள் வந்தன. உயிரோடிருக்கையில் புத்தகமாக அவர் கண்டது, அச்சுப் பிழைகள் மலிந்த ஒரு சிறு நூலைத்தான் என்று சொல்லலாம். 1937இல், 46 வயதில், வறுமையில், குடற்புற்றுநோயால் இறந்தார். இன்று திகில் எழுதும் எவரும் அவரைத் தாண்டாமல் போக முடியாது.

அவருடைய கொள்கையை 1927இல் சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதமொன்றில் அவரே விளக்கியிருக்கிறார். மனிதருடைய சட்டங்களுக்கும் ஆசைகளுக்கும் உணர்ச்சிகளுக்கும் இந்தப் பெரும் பிரபஞ்சத்தில் எந்தச் செல்லுபடியும் இல்லை; தன் கதைகள் எல்லாம் இந்த அடிப்படையில் நிற்கின்றன என்பது அதன் சாரம். அவரது கதைகளில் வரும் பிரமாண்டமான பிறவிகள் மனிதனை வெறுப்பதில்லை. வெறுக்கிற அளவுக்கு மனிதனைக் கணக்கிலெடுப்பதே இல்லை. நாம் மழைக்காலத்தில் நத்தையை மிதித்துவிட்டு நடப்பது போல அவை நம்மேல் நடந்து போகின்றன.

இங்கே ஒரு பிரிப்பைச் செய்தாக வேண்டும். மனிதனுக்குப் பிரபஞ்சத்தில் இடமில்லை என்பது ஒரு தத்துவம். மனிதர்களைக் கண்டால் அருவருக்கிறது என்பது வேறு சமாசாரம். லவ்கிராஃப்டின் ரசிகர்கள் முதலாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். அவருடைய கதைகளிலோ இரண்டும் ஒரே பானையில் வேகின்றன. கரண்டியால் அள்ளினால் இரண்டுமே வரும்.

இனி நடையைப் பார்ப்போம். எல்ட்ரிச், சைக்ளோபியன், கிப்பஸ், ஸ்குவாமஸ் — இப்படியான சொற்கள் அவருக்கு உயிர். முதலாவது இவ்வுலகத்துக்குரியதல்லாதது என்று பொருள்படும் பழைய ஸ்கொட்லாந்துச் சொல். இரண்டாவது பூதங்கள் அடுக்கியது போன்ற பெருங்கல் கட்டடத்தைக் குறிப்பது. மூன்றாவது பாதிக்கு மேல் வளர்ந்து, முழுமையடையாமல் கூன் விழுந்து நிற்கும் நிலவுக்கு. நான்காவது செதிளுள்ள பிராணிகளுக்கு விலங்கியலார் சொல்வது. அமெரிக்கராக இருந்தும் பிரித்தானிய எழுத்துக்கூட்டலையே கையாண்டார். தான் 18ஆம் நூற்றாண்டில் பிறந்திருக்க வேண்டியவன் என்று நினைத்தவர். நிகண்டில் கிடக்கும் சொற்களைத் தோண்டியெடுத்து, பத்து ரூபாச் சஞ்சிகையில் வருகிற தொடர்கதைக்குள் போட்டால் எப்படி இருக்குமோ, ஆங்கில வாசகனுக்கு அது அப்படித்தான் இருந்தது. அவரது நண்பர் கிளார்க் அஷ்டன் சிமித் இதில் இன்னும் ஒரு படி மேலே. கலிபோர்னியாவின் ஓபர்ன் என்ற சிற்றூரில், உயர்தரப் பாடசாலைக்குப் போகாமல், முழு அகராதியையே சொல் சொல்லாக வாசித்துத் தன்னைப் படிப்பித்துக்கொண்ட கவிஞர் அவர்.

1945இல் எட்மண்ட் வில்சன் என்ற பெரிய விமர்சகர் 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் லவ்கிராஃப்டை உரித்து உப்புத் தடவினார். பயங்கரம், கோரம், கொடூரம் என்று சொல்லிக்கொண்டிருப்பது பயமாகாது. கதைதான் அதை வாசகனுக்கு உண்டாக்க வேண்டும் என்பது அவர் வாதம். எங்கட உம்மும்மாவுக்கு வில்சனைத் தெரியாது. ஆனால் இந்தச் சூத்திரம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஜின் கதை சொல்லும்போது அவர் ஒரு அடைமொழியும் பாவிக்கமாட்டார். எந்த முடுக்கு, எந்தப் புளியமரம், இஷாவுக்குப் பிறகா சுபஹுக்கு முன்னா, கையில் லாந்தர் இருந்ததா இல்லையா — இவ்வளவுதான். கடைசியில் "அந்த ஆளுக்குக் கால் நிலத்தில படல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாக்கை இடிக்கத் தொடங்குவார். நாங்கள் முற்றத்துக்குப் போகப் பயந்து கிடப்போம்.

ஆனாலும் வில்சன் சொன்னது பாதிதான் சரி என்பது என் எண்ணம். 1928இல் வெளிவந்த 'கதுலுவின் அழைப்பு' என்ற கதையை எடுத்துப் பாருங்கள். அது ஓர் அலுவலகக் கோப்பு மாதிரித் தொடங்குகிறது. இறந்துபோன ஒரு பேராசிரியரின் பத்திரங்கள், ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டரின் வாக்குமூலம், பத்திரிகைத் துணுக்கு, நோர்வேக்காரக் கப்பலோட்டி ஒருவரின் குறிப்பு. கடலில் தீவு தோன்றிய இடத்தைத் தென் அகலக்கோடு 47 பாகை 9 கலை, மேல் நெடுங்கோடு 126 பாகை 43 கலை என்று நில அளவையாளர் போல் சொல்கிறார். இவ்வளவு வறண்ட மொழியில் வந்த ஒருவர், அந்தப் பிறவி வெளியே வரும் கட்டத்தில் திடீரென்று தடுமாறுகிறார். சொல்லமுடியாதது, வருணிக்க மொழியில்லாதது என்று அடைமொழிகளை அள்ளி எறிகிறார். அறிக்கை எழுதுகிறவனின் மொழி எங்கே முறிகிறதோ அங்கேதான் அலங்காரம் தொடங்குகிறது. சரியாகச் செய்யப்படும்போது அது அலங்காரமே அல்ல, பயந்தவனின் உளறல்.

இன்னொன்றும் உண்டு. அவருடைய கதைகளில் பேச்சு மிகக் குறைவு. பெண்கள் அரிது. காசு, கல்யாணம், குசினி, கடன், பிள்ளை என்று எதுவுமில்லை. மனிதர்கள் முக்கியமில்லை என்று தீர்மானித்துவிட்ட எழுத்தாளரிடம் பக்கத்தை நிரப்ப மிஞ்சுவது என்ன? நிலக்காட்சி, கட்டடம், வாடை, ஒளி. மனிதர்கள் எழும்பிப் போன கதிரைகளில் அடைமொழிகள் வந்து குந்திக்கொள்கின்றன. மனித வெறுப்பும் அலங்கார நடையும் ஒரே வீட்டில் வசிப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. இது எல்லாருக்கும் பொருந்தும் விதியல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட அம்புரோஸ் பியேர்ஸ், லவ்கிராஃப்டுக்கு முந்திய பெரிய மனித வெறுப்பாளர். அவருடைய வசனம் சவர அலகு. போரில் மனிதர் மனிதருக்குச் செய்ததைக் கண்ணால் கண்டு வந்த வெறுப்பு அது. அதற்குச் சோடனை தேவைப்படவில்லை. லவ்கிராஃப்டின் வெறுப்போ, சன்னல் சீலைக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்தவரின் வெறுப்பு.

அந்தத் தெருவில் நாங்களும் நின்றோம் என்பதை மருதானைப் புத்தகம் வாசித்த வயதில் நான் கவனிக்கவில்லை.

ஐந்து வயதில் ஆயிரத்தொரு இரவுகள் கதைகளைக் கேட்டு மயங்கிய சிறுவன் லவ்கிராஃப்ட், தன்னை ஓர் அரபியாகப் பாவனை செய்து 'அப்துல் அல்ஹஸ்ரெட்' என்று பெயர் வைத்துக்கொண்டார். வளர்ந்த பின் அந்தப் பெயரை வீசாமல், 'நெக்ரோனொமிக்கன்' என்ற கற்பனைக் கிதாபின் ஆசிரியருக்குக் கொடுத்தார். அரபு மத்ரஸாவில் ஒரு வருடம் ஓதிய பிள்ளைக்கும் அந்தப் பெயர் பிழை என்று தெரியும். 'அல்' இரண்டு தரம் வருகிறது, 'ஹஸ்ரெட்' என்று ஒரு சொல்லும் இல்லை. 1927இல் அந்தக் கிதாபுக்கு ஒரு பொய் வரலாறும் எழுதினார். ஆசிரியர் யெமனின் சன்ஆவைச் சேர்ந்த பைத்தியக்காரக் கவிஞராம். ருப்உல் காலிப் பாலைவனத்தில் பத்து வருடம் தனியே இருந்தாராம். தூண்களின் நகரான இரமைக் கண்டாராம். 738இல் திமிஷ்கில் பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவரைத் தின்றதாம். இதற்குச் சாட்சி இப்னு கல்லிகானாம்! 1211இல் பிறந்த அந்த உண்மையான சரித்திராசிரியரை 12ஆம் நூற்றாண்டுக்காரர் என்று வேறு எழுதிவைத்தார்.

கிதாபின் அரபுப் பெயர் 'அல் அஸீஃப்'. இது பொய்ச்சொல் அல்ல. பாலைவனத்தில் இரவில் கேட்கும் இனந்தெரியாத ஓசையை, ஜின்களின் ஓசையென அரபிகள் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். அவர் அதைப் பொறுக்கியது, வில்லியம் பெக்ஃபோர்ட் எழுதி 1786இல் ஆங்கிலத்தில் வந்த 'வாதெக்' நாவலுக்கு மொழிபெயர்ப்பாளர் எழுதிய குறிப்புகளிலிருந்து. அப்பாஸியக் கலீபா வாதிக்கின் பெயரை வைத்துக்கொண்டு, இப்லீஸின் மண்டபத்தில் போய் முடியும் அந்த நாவல், ஆங்கிலத் திகில் எழுத்தாளர்களுக்குக் 'கிழக்கு' என்ற சாமான் அறையின் சாவியைக் கொடுத்தது. இரமும் அப்படித்தான். சூரத்துல் ஃபஜ்ரில் இரமின் பெயர் வருவது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது படிப்பினை. அவருக்கு அது மேடைச் சீலை. இதில் எனக்குப் பெரிய கோபமில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் ஆசையில் ஒரு களங்கமின்மை இருக்கிறது.

கோபம் வருவது புறூக்லினில்.

1924இல் சோனியா கிரீன் என்ற, உக்ரேனில் பிறந்த யூதப் பெண்ணை மணந்து நியூயோர்க் போனார். மனைவி வேலை தேடி வேறு நகரம் போக, 1925இல் ரெட் ஹூக் பகுதிக்கு அண்மையில் ஒற்றை அறையில் தனியே இருந்தார். அந்த மே மாதம் திருடர்கள் புகுந்து அவர் உடுப்புகளை எல்லாம் கொண்டு போனார்கள். வேலையில்லை, காசில்லை, சுற்றிலும் துறைமுகத்துக்கு வந்திறங்கிய பலநாட்டுச் சனம். பக்கத்து அறையில் சிலகாலம் ஒரு சிரியாக்காரர் இருந்திருக்கிறார். இரவில் ஏதோ ஒரு ஊதுகருவியை வாசிப்பாராம். அந்த இசையைக் கேட்டுத் தனக்குப் பக்தாதின் அடியிலுள்ள நிலவறைகள் பற்றிக் கெட்ட கனவுகள் வந்ததாக லவ்கிராஃப்ட் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சுவருக்கு அப்பால் ஒரு மனிதர். தன் ஊரை விட்டு வந்தவர், வேலை முடிந்து வந்து, ஊர் ஞாபகத்தில் எதையோ வாசிக்கிறார். இப்பால் ஆயிரத்தொரு இரவுகளில் மயங்கி அரபுப் பெயர் சூடிய எழுத்தாளர். கதவைத் தட்டி, "என்ன பாட்டு அது?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஓகஸ்ட்டில் 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' என்ற கதையை எழுதினார். சிரியர், குர்திகள், இத்தாலியர், கறுப்பர், ஸ்பானியர் எல்லாரும் ஒரே சேற்றுக் குழம்பாக, நிலவறைகளில் பேய் வணங்கும் கும்பலாக வருகிறார்கள். கதுலுவுக்குப் பாவித்த அதே அடைமொழிகள் இப்போது ஒரு தெருவின் சனத்துக்கு. கதையாகவும் அது தோல்விதான்.

பெயர்ச்சொல் ஒரு பொருளை எங்களுக்குக் காட்டுகிறது. அடைமொழி அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது. கடலடியில் கிடக்கும் கற்பனைப் பிறவிக்குத் தீர்ப்புச் சொன்னால் யாருக்கு என்ன? வாடகை அறையில் இருக்கும் சிரியாக்காரருக்குச் சொன்னால் அது வேறு. என்னிடம் ஒரு கோப்பு இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த மாதங்களில் எங்களைப் பற்றி அச்சில் வந்த சிலவற்றை வெட்டி வைத்தது. பொடியனின் கதையை வாசித்த இரவு அதை எடுத்துப் பார்த்தேன். பெருகுதல், மொய்த்தல், இருட்டு, மறைவு, நிலவறை, விளங்காத மொழி. ஆட்களின் பெயர் இல்லை. கடைக்காரர், ரீச்சர், தையற்காரர் என்ற பெயர்ச்சொற்கூட இல்லை. எழுதியவர்கள் லவ்கிராஃப்டை வாசித்தவர்களாக இருக்கமாட்டார்கள். வசனம் கட்டிய விதம் மட்டும் ஒன்றுதான்.

ஆனால் அந்த மனிதரை இத்தோடு மூடிக் கட்டிவிட முடியாது. பொடியன் எடுத்த மீன் கண் 'இன்ஸ்மவுத்தின் நிழல்' கதையிலிருந்து வந்தது. கடலடிப் பிறவிகளோடு கலந்துபோன துறைமுக நகரம் அது. அங்கிருந்து தப்பி ஓடி, அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்து நகரத்தையே அழிக்க வைக்கிறான் கதைசொல்லி. முடிவில் தன் வம்சத்தை ஆராயும்போது தானும் அந்த இரத்தம் என்று தெரியவருகிறது. கண்ணாடியில் அவன் முகம் மாறத் தொடங்குகிறது. பயம் போய், கடலுக்குப் போக வேண்டும் என்ற ஆசை வருகிறது. 'வெளியாள்' என்ற முந்திய கதையிலும் இதேதான். விருந்து மண்டபத்தில் எல்லாரையும் ஓடவைத்த கோர உருவம் எது என்று கைநீட்டித் தொட்டால், கண்ணாடி. தாயும் தகப்பனும் ஒரே மனநோய் ஆஸ்பத்திரியில் இறக்கக் கண்ட ஒருவர், தன் இரத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று பயந்து கிடந்திருக்கிறார். அந்தப் பயத்தைத் தெருவில் போகிறவர்மேல் பூசினால் ரெட் ஹூக். தன்மேலேயே திருப்பிக்கொண்டால் இன்ஸ்மவுத். என் மாணவன் மீன் கண்ணை எடுத்துக்கொண்டு கண்ணாடியை விட்டுவிட்டான்.

அவர் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது 1927இல் வந்த 'விண்வெளியிலிருந்து வந்த நிறம்'. அவருக்கும் அது மிகப் பிடித்தமானது. கதை நடப்பது 1882இல். நாஹும் கார்ட்னர் என்ற விவசாயியின் கிணற்றடியில் ஒரு விண்கல் விழுகிறது. அந்த வருடம் பழங்கள் என்றுமில்லாத அளவுக்குப் பெருக்கின்றன, கடித்தால் கசப்பு. பிறகு மரம், மாடு, மனிதர் எல்லாம் மெல்லச் சாம்பல் நிறமாகித் தூளாகத் தொடங்குகின்றன. மனைவிக்குப் புத்தி பேதலிக்கிறது. மேல்மாடத்தில் பூட்டி வைக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று தெரிந்தும் அவர்கள் அதையே குடிக்கிறார்கள். குடும்பத்துக்கு வேறு வழி தெரியவில்லை. இங்கே வில்லன் இல்லை, கெட்ட இனம் இல்லை. இங்கும் நீள வசனங்கள் உண்டு, ஆனால் அவை ஒரு நிறத்தை, ஒரு மினுக்கத்தை, இலைகள் காற்றின்றி அசைவதைச் சொல்வதற்குச் செலவாகின்றன. மனிதர்களைப் பற்றி வரும்போது மொழி பணிந்துவிடுகிறது.

இந்தக் கதையில் அம்மி பியர்ஸ் என்று ஒரு அயல்வீட்டுக்காரர் வருகிறார். ஊர் முழுக்க அந்த வளவை ஒதுக்கிய பிறகும் அவர் மட்டும் இடைக்கிடை போய்ப் பார்க்கிறார். போக விருப்பமில்லை, பயம், ஆனாலும் போகிறார். கடைசியில் மேல்மாடத்துக்கு ஏறி, அங்கே கிடந்ததைக் கண்டு, சொல்லக் கூசும் ஒரு இரக்கத்தைச் செய்துவிட்டு இறங்குகிறார். எல்லாம் முடிந்து பல வருடங்களுக்குப் பின்னும் அவர்தான் கதையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள். பிரபஞ்சம் மனிதனைக் கணக்கெடுக்கவில்லை என்ற கொள்கை இதிலும் மாறவில்லை. அயலவர் ஒருவர் கணக்கெடுக்கிறார். பயம் இரட்டிப்பாவது அதனால்தான். எறும்பு நசிவதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இழக்கிறதற்கு ஒன்று இருந்தால்தானே பயம்.

வெறுப்பைத் தத்துவமாகவே எடுத்துக்கொண்டவர் இன்றைய அமெரிக்க எழுத்தாளர் தோமஸ் லிகொட்டி. 1953இல் டெட்ரொயிட்டில் பிறந்தவர். அவரிடம் இன வெறுப்பு இல்லை. பிறந்திருப்பதே பிழை என்பது அவர் கட்சி. 2010இல் வந்த 'மனித இனத்துக்கு எதிரான சதி' என்ற கட்டுரை நூலில், பீட்டர் வெசல் சாப்ஃபெ என்ற நோர்வே சிந்தனையாளரைத் துணைக்கு அழைத்து, மனிதப் பிரக்ஞை என்பது இயற்கையின் விபத்து என்று வாதாடுகிறார். அவரது கதைகளில் பொம்மலாட்டப் பொம்மைகளும் மூடிய தொழிற்சாலைகளும் அலுவலக மேலதிகாரிகளும் வருகிறார்கள். நடை அலங்காரமானதுதான், ஆனால் லவ்கிராஃப்டைப் போல் சத்தமிடாது. ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சுற்றித் தலைசுற்ற வைக்கும்.

லிகொட்டியை வாசித்த இளைஞர்கள் இது ஏதோ புதுச் சிந்தனை என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிரியாவின் மஅர்ரதுன் நுஃமானில் 973இல் பிறந்த அபுல் அலா அல்மஅர்ரி ஆயிரம் வருடத்துக்கு முன்னரே அந்த இடத்துக்குப் போய்விட்டார். நான்கு வயதில் அம்மை நோயில் கண் போனது. கல்யாணம் முடிக்கவில்லை, ஓர் உயிரை இவ்வுலகுக்குக் கொண்டுவருவது அதற்குச் செய்யும் அநியாயம் என்று நம்பினார். பக்தாதிலிருந்து திரும்பி வந்து வீட்டுக்குள்ளேயே இருந்தார். குருடும் வீடும் தன் இரண்டு சிறைகள் என்றார். அவருடைய அகீதா பற்றி ஆலிம்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. இங்கே முக்கியமானது அவர் நடை. 'லுஸூமிய்யாத்' என்ற தொகுதியில், எதுகைக்கு ஓர் எழுத்துப் பொருந்தினால் போதும் என்ற இடத்தில் இரண்டு எழுத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டு எழுதினார். தேவையற்றதைத் தனக்குத் தேவையாக்கிக்கொள்வது என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள். உலகமே வெறுமை என்று சொல்ல இவ்வளவு சோடனை எதற்கு?

சிறைக்குள் இருப்பவன் சுவரை அளந்துகொண்டிருப்பான் என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தெரியவில்லை. ஆனால் மஅர்ரியின் வெறுப்பு எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். அவர் இறைச்சி, பால், முட்டை எதையும் தின்னவில்லை. தேனைக்கூடத் தொடவில்லை, அது தேனீயின் உழைப்பு என்று. 1047இல் அந்த ஊர் வழியே போன பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், இருநூறுக்கும் மேற்பட்டோர் பல திசைகளிலிருந்தும் வந்து அவரிடம் படிப்பதாக எழுதி வைத்திருக்கிறார். மனிதனை வேண்டாம் என்றவரின் வீட்டில் எந்நேரமும் சனம்! இதில் லவ்கிராஃப்டும் அவருக்குத் தம்பிதான். ஆயிரமாயிரம் கடிதங்களை எழுதித் தள்ளினார். தன் நேரத்தைச் செலவிட்டு இளம் எழுத்தாளர்களின் கதைகளைத் திருத்திக் கொடுத்தார். கடைசிக் காலத்தில் எழுதிய 'பித்த மலைகளில்' அந்தாட்டிக்காவில் பனிக்குள் கிடந்த வேற்றுக்கிரகப் பிறவிகளைக் கண்டு முதலில் நடுங்கும் விஞ்ஞானி, இறுதியில் அவையும் தன்னைப்போல் ஆராய்ச்சியாளர்கள்தான் என்று உணர்கிறான். ஐந்து கையும் இறக்கையும் உள்ள பிறவிக்குக் கிடைத்த அந்த மரியாதை, புறூக்லின் சிரியாக்காரருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அலங்கார நடை பிறவியிலேயே மனித வெறுப்புக் கொண்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹரீரியின் 'மகாமாத்' அரபு உரைநடையின் உச்ச அலங்காரம். அதன் நாயகன் அபூ ஸைத் ஊர் ஊராகப் போய்ப் பேச்சாலே காசு கறக்கும் சிரிப்பு மூட்டும் எத்தன். பாழடைந்த நகரத்துக்கும் எங்களிடம் வேறொரு மாதிரி உண்டு. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் பித்தளை நகரம், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் கையால் அரபுத்தமிழில் 'மதீனதுன் நுஹாஸ்' ஆகி, 'தாமிரப்பட்டணம்' என்று எங்களுக்கு வந்தது. அரபுக் கதையில் மூஸா இப்னு நுஸைர் போய்ச் சேரும் அந்த நகரத்தில் கடைகள் திறந்தபடி, பட்டும் பொன்னும் இருந்தபடி, சனம் மட்டும் மரித்துக் கிடக்கிறது. அரசியின் கண்களுக்குள் பாதரசம். பார்ப்பவருக்கு உயிரோடிருப்பது போல் மினுங்குகிறது. இதைவிடப் பயங்கரமான காட்சியை லவ்கிராஃப்ட் எழுதவில்லை. ஆனால் அங்கே சுவரெல்லாம் எழுத்து. வந்தவரே, நில்லும், எங்களைப் பாரும் என்று மரித்தவர்கள் பேசுகிறார்கள். லவ்கிராஃப்டின் 'பெயரற்ற நகரம்' அதே பாலைவனத்தில்தான் இருக்கிறது. அதன் சுவர்களிலும் சித்திரம் உண்டு. ஆனால் அது எங்களுக்காக வரையப்பட்டதல்ல. அதை வரைந்தவை மனிதரும் அல்ல.

1975 முதல் உலகக் கனவுருப்புனைவு விருதாகக் கொடுக்கப்பட்டு வந்த லவ்கிராஃப்டின் தலைச் சிலையை, 2011இல் அவ்விருதைப் பெற்ற நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர் நெடி ஒக்கொராபோர் உட்படப் பலர் கேள்வி கேட்டதன் பின், 2015இல் நிறுத்தினார்கள். லவ்கிராஃப்டின் வாழ்க்கையையும் எழுத்தையும் ஆயுள் முழுக்க ஆராய்ந்தவரும் இந்தியாவின் பூனாவில் பிறந்தவருமான எஸ்.ரி. ஜோஷி, அதைக் கண்டித்துத் தன் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். சிலைச் சண்டை எனக்குச் சுவாரசியமில்லை. அடுத்த வருடம் விக்டர் லவால் என்ற கறுப்பின எழுத்தாளர் செய்தது சுவாரசியம். 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' கதையையே எடுத்து, அதில் முகமில்லாமல் கிடந்த ஒரு கறுப்பு இளைஞனின் பக்கத்திலிருந்து 'பிளாக் டொமின் கதைப்பாட்டு' என்று திரும்ப எழுதினார். தன் கலங்கிய மனதைச் சொல்லி லவ்கிராஃப்டுக்கே அதைச் சமர்ப்பணமும் செய்தார்.

இதையெல்லாம் பெருநாள் கழிந்து பொடியன் வந்தபோது சொன்னேன். 2019 கோப்பையும் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் புரட்டினான்.

"அப்ப அடைமொழியெல்லாம் வெட்டிப் போடவா சேர்?"

"வெட்டத் தேவல்ல. அக்கரையில இருக்கிற ஆக்கள்ள ஒராளுக்காவது பேரும் தொழிலும் குடு. பொறகு அந்த வசனத்த நீயே வாசிச்சுப் பாரு."

நிறம் பற்றிய கதையின் போட்டோக் கொப்பியைக் கொடுத்தனுப்பினேன். ஒரு கிழமை கழித்து இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுத்தான். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சேர், அந்தச் சிரியாக்காரர் ஊதினது என்ன வாத்தியமா இருக்கும்? எங்கட பக்கத்து நாகசுரம் மாதிரியா, இல்லாட்டி பை வெச்சு ஊதுறதா?"

"ஏன் மகன்?"

"சும்மா. அவர் அறைக்குள்ள இருந்து தொடங்கலாம் எண்டு பாக்கன்."